கொடை நேரலையும் பழைய லேப்டாப்பும்: வீண் கணக்கை எங்கே வெட்டுவது?

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். சித்திரையில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வருகிறது. மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக வில்லுப்பாட்டையும் நள்ளிரவுச் சாமக்கொடையையும் நேரலை விடுகிறோம். கோயில் பக்கம் டவர் சுமார்தான், அப்லோட் 600 கிலோபிட்டுக்கு மேல் நிலையாக நிற்பதில்லை. இரண்டு கோர் உள்ள பழைய லேப்டாப். ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் 720பி, விநாடிக்கு 30 பிரேம், படத்தைச் சுருக்க எக்ஸ்264 என்கோடர். அதன் வேக அமைப்பை (பிரீசெட்) 'மீடியம்' வைத்தால் சிபியு நூறைத் தொட்டுப் படம் நின்று நின்று போகிறது. 'அல்ட்ராஃபாஸ்ட்' வைத்தால் ஓடுகிறது, ஆனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. புது லேப்டாப் வாங்க, ஊரில் பிரித்த கொடை வரியில் பணம் இல்லை. கணக்கு வேலையையும் குறைத்து, படமும் பார்க்கிற மாதிரி இருக்க வழி உண்டா?

பதில்:

உண்டு தம்பி. சிபியு திணறுவதையும் படம் உடைவதையும் நீங்கள் இரண்டு நோயாகப் பார்க்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். உங்களிடம் இருக்கும் பிட்டில் அனுப்பவே முடியாத விவரங்களை என்கோடர் பாடுபட்டுக் கணக்கிடுகிறது. கடைசியில், எண்களை வகுத்துச் சின்னதாக்கும் குவாண்டைசர் என்ற பகுதி அதை வழித்துக் குப்பையில் போடுகிறது. குறைந்த பிட் ரேட்டில் கணக்கைக் குறைக்கும் வித்தை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. எது குப்பைக்குப் போகும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்த வேலையைத் தொடாமலே விட்டுவிட வேண்டும்.

முதலில் ஒரு வீட்டுக்கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் எக்ஸ்264 பின்பற்றும் எச்.264 கோடெக் (வீடியோவைச் சுருக்கும் தரம்) படத்தை 16×16 பிக்சல் சதுரங்களாக வெட்டிக்கொள்கிறது. இதை மேக்ரோபிளாக் என்பார்கள். 720பி படத்தில் 80×45, அதாவது 3,600 பிளாக். விநாடிக்கு 30 பிரேம் என்றால் 1,08,000 பிளாக். உங்கள் 600 கிலோபிட்டை முழுக்கச் செலவழிக்கக் கூடாது. டவர் கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் தாங்க வேண்டும். ஒலிக்கு 64, படத்துக்கு 384 என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஒலியில் கைவைக்காதீர்கள். வில்லுப்பாட்டைக் கேட்கத்தான் துபாயில் உட்கார்ந்து இரவு முழுக்க முழித்திருக்கிறார்கள்.) 384 கிலோபிட்டை 1,08,000 பிளாக்குக்குப் பங்கு வைத்தால், ஒரு பிளாக்குக்கு மூன்றரை பிட். 256 பிக்சலை மூன்றரை பிட்டில் எப்படிச் சொல்வது? 'இந்தச் சதுரம் இவ்வளவு நகர்ந்தது' என்று சொல்லவே பல நேரம் அதைவிட அதிகம் பிட் வேண்டும். குருவி தலையில் பனங்காயை வைத்த கதைதான்.

இப்போது 640×360, விநாடிக்கு 15 பிரேம் என்று மாற்றுங்கள். ஒரு பிரேமுக்கு 920 பிளாக், விநாடிக்கு 13,800. பிளாக்குக்கு 28 பிட் கிடைக்கிறது. வேலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, ஒவ்வொரு பிளாக்குக்கும் கிடைக்கும் பிட் எட்டு மடங்கு. நான் பல வருடம் என்கோடர் எழுதிப் பிழைத்தவன். இந்த ஒரு மாற்றம் தரும் லாபத்தை எந்த அல்காரிதத்தாலும் தர முடிந்ததில்லை. 720பி என்று போட்டால்தான் மரியாதை என்று விழாக் கமிட்டியில் யாராவது சொல்வார்கள். கைபேசித் திரையில் உடைந்த 720பியைவிடத் தெளிவான 360பியில்தான் பெரியம்மா முகம் அடையாளம் தெரியும். வில்லுப்பாட்டில் ஆட்கள் உட்கார்ந்தே பாடுவதால் 15 பிரேம் தாராளம். சாமியாட்டத்துக்கு அது கொஞ்சம் குறைவுதான். இரண்டு பிரேமுக்கு நடுவில் ஆள் இரட்டிப்புத் தூரம் நகர்ந்திருப்பார். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, என்கோடருக்குள் கணக்கு எங்கே போகிறது? பெரும்பங்கு நகர்வு தேடலில். ஒவ்வொரு பிளாக்குக்கும், 'இது முந்தின பிரேமில் எங்கே இருந்தது?' என்று தேட வேண்டும். எல்லாத் திசையிலும் 16 பிக்சல் வரைக்கும் ஓர் இடம் விடாமல் தேடினால் 33×33, அதாவது 1,089 இடம். ஒவ்வோர் இடத்திலும் 256 பிக்சலைக் கழித்து, வித்தியாசங்களைக் கூட்ட வேண்டும். உங்கள் 720பி கணக்குக்கு அது விநாடிக்கு மூவாயிரம் கோடிக் கழித்தலுக்கு மேல். அதனால்தான் 1981லேயே 'மூன்று படித் தேடல்' வந்தது. தூரத் தூரமாக ஒன்பது இடம் பார்த்து, நன்றாக இருக்கிற இடத்துக்குப் போய், அங்கே கொஞ்சம் நெருக்கமாகப் பார்த்து, கடைசியில் பக்கத்துப் பிக்சல்களைப் பார்ப்பது. எல்லாப் பக்கமும் 7 பிக்சல் எல்லைக்கு 225 இடம் பார்க்க வேண்டியது 25 இடத்தில் முடிந்துவிடும். பிறகு வைர வடிவத் தேடல், அறுகோணத் தேடல் எல்லாம் வந்தன. எக்ஸ்264 இயல்பாகப் பயன்படுத்துவது அறுகோணத் தேடல்தான். பெரும்பாலும் இருபது இடத்துக்குள் முடித்துவிடும்.

ஆனால் தேடும் வடிவத்தைவிட எங்கே தொடங்குகிறோம் என்பது முக்கியம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ரத வீதியில் தேர் வரும்போது அதன் மேல் விழுகிற நூற்றுக்கணக்கான பிளாக்குகளும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகர்கின்றன. இடது பக்கத்துப் பிளாக் எங்கே போனது, மேலே இருப்பது எங்கே போனது என்று பக்கத்து வீட்டில் விசாரித்தாலே விடை கிடைத்துவிடும். எச்.264இல் இடது, மேல், மேல்வலது மூன்றின் நகர்வில் நடு மதிப்பை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை மட்டும்தான் அனுப்புகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதே சரி என்றால் விலகல் பூஜ்யம், செலவாகும் பிட்டும் மிகக் குறைவு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்தத் துறைக்கு வந்த புதிதில் 176×144 அளவு படத்தை 64 கிலோபிட்டில் அனுப்பும் வீடியோ போன் வேலை. ஒரு பிரேமில் 99 பிளாக்தான், அதற்கே சிப் திணறியது. முழுத் தேடலை எடுத்துவிட்டு, பக்கத்துப் பிளாக்கின் நகர்விலிருந்து தொடங்கி, போதுமான அளவு பொருந்தினால் அங்கேயே நிறுத்தும்படி எழுதினேன். வேகம் கூடும், படம் கொஞ்சம் கெடும் என்றுதான் எதிர்பார்த்தோம். படம் தெளிவாகிவிட்டது! ஏதோ பிழை என்று நினைத்து இரண்டு நாள் நிரல் முழுக்கத் துழாவினோம். பிறகு நகர்வுகளைக் கோடு கோடாக வரைந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பின்னால் இருந்த வெறும் சுவரில் முழுத் தேடல் ஒவ்வொரு பிளாக்கையும் ஒவ்வொரு திசைக்கு அனுப்பியிருந்தது. சுவர் நகரவில்லை. கேமராவின் இரைச்சல் புள்ளிகள் தற்செயலாக எங்கே நன்றாகப் பொருந்தினவோ அங்கே போய் நின்றிருக்கிறது. வித்தியாசத் தொகை கடுகளவு குறைந்தது. அதற்காக ஒவ்வொரு பிளாக்குக்கும் பத்துப் பன்னிரண்டு பிட் திசை சொல்லவே போயிற்று. முகத்துக்குப் போக வேண்டிய பிட் அது. குறைந்த பிட் ரேட்டில் அதிகம் தேடுவது நேரத்தை மட்டுமல்ல, படத்தையும் தின்னும். இப்போதைய என்கோடர்கள் பொருத்தத்தோடு பிட் செலவையும் சேர்த்து எடைபோடுவதால் இந்த விபத்து அவ்வளவாக நடப்பதில்லை.

அடுத்த பெரிய சேமிப்பு, எனக்கு மிகவும் பிடித்தது: பூஜ்ய பிளாக்கை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. நகர்வைக் கழித்த பிறகு மிச்சம் இருக்கும் வித்தியாசத்தை டிசிடி என்ற உருமாற்றத்துக்குள் விட்டு, வரும் எண்களை குவாண்டைசரால் வகுக்கிறோம். டிசிடியை 1974இல் வெளியிட்ட மூவர் அகமது, நடராஜன், ராவ். மூன்றுமே நம் பக்கத்துப் பெயர்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். பிட் ரேட் குறைவாக இருந்தால் வகுக்கும் எண் பெரியது. பெரும்பாலான பிளாக்கில் எல்லா எண்ணுமே பூஜ்யமாகிவிடும். பூஜ்யம்தான் வரும் என்று தெரிந்தால் உருமாற்றம், வகுத்தல், திரும்பப் பெருக்கல், திரும்ப உருமாற்றம் நான்கையும் மிச்சம் பிடிக்கலாமே?

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 8×8 டிசிடியில் ஒவ்வொரு விடை எண்ணும் 64 வித்தியாசங்களை ஏதோ ஒரு எடையால் பெருக்கிக் கூட்டியது. அந்த எடை எதுவும் கால் பங்கைத் தாண்டாது. ஆகவே எந்த விடையும் வித்தியாசத் தொகையில் கால் பங்கைத் தாண்ட முடியாது. பழைய எச்.263 என்கோடர்களில் குவாண்டைசர் எண்ணின் இரண்டரை மடங்குக்குக் கீழே உள்ளதெல்லாம் பூஜ்யமாகும்படி வகுப்பது வழக்கம். குவாண்டைசர் 20 என்றால் 50க்குக் கீழே எல்லாம் பூஜ்யம். அப்படியானால் வித்தியாசத் தொகை 200க்குக் குறைவாக இருந்தாலே போதும், அந்தப் பிளாக் முழுக்கப் பூஜ்யம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அந்தத் தொகையை நகர்வு தேடலிலேயே கணக்கிட்டு வைத்திருக்கிறோம். புதிதாக ஒரு வேலையும் இல்லை, ஓர் ஒப்பீடு மட்டும். எச்.264 போன்ற புதியவற்றில் எண்கள் வேறு, தத்துவம் அதேதான். இதற்கும் ஒரு படி மேலே 'ஸ்கிப்'. பக்கத்து வீட்டு நகர்வே சரி, மிச்சமும் பூஜ்யம் என்றால் அந்தப் பிளாக்குக்கு ஒன்றுமே அனுப்பாமல் தாண்டிப் போவது. எக்ஸ்264 இதைத் தேடலுக்கு முன்னாலேயே சோதித்துவிடும். ஸ்கிப் ஆகிற பிளாக்குக்கு நேரமும் ஏறக்குறையச் செலவில்லை, பிட்டும் செலவில்லை.

இப்போது அந்த 200ஐத் திரும்பப் பாருங்கள். 64 பிக்சலுக்கு 200 என்றால் பிக்சலுக்குச் சராசரி மூன்று. அசையாத பந்தல் தூண், அசையாத சுவர், வித்தியாசம் எங்கிருந்து வரும்? இரைச்சலில் இருந்து. இரவில் வெளிச்சம் போதாமல் கேமரா தானாகவே கெயினை, அதாவது வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவை, கூட்டும். படம் முழுக்க எறும்பு ஊர்வது போலப் புள்ளி. பிக்சலுக்கு நான்கு, ஐந்து என்று வித்தியாசம் ஏறிவிட்டால் ஸ்கிப் ஆக வேண்டிய தூணும் சுவரும் ஸ்கிப் ஆகாது. என்கோடர் ஒவ்வொன்றுக்கும் தேடி, உருமாற்றி, வகுத்துக் கடைசியில் பூஜ்யத்தைக் கண்டுபிடிக்கும்.

ஆகையால் தம்பி, சிபியுவைக் குறைக்க நான் சொல்லும் முதல் கருவி ஒரு நல்ல ஃபோகஸ் லைட். வில்லுக்கும் குடத்துக்கும் நேர் எதிரே கொஞ்சம் உயரத்தில் கட்டுங்கள். கெயினைக் கையால் குறைத்துப் பூட்டிவிடுங்கள். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டர் அதற்கு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் வெளிச்சப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும், ஒரு பிளாக்கும் ஸ்கிப் ஆகாது. கேமரா 720பியில் எடுத்து 360பிக்குச் சுருக்கும்போது நான்கு பிக்சல் ஒன்றாகிறது. அதிலேயே இரைச்சல் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

அப்புறம் சீரியல் செட். கோயில் முகப்பில் ஓடி ஓடி எரியும் கலர் பல்புகளைச் சொல்கிறேன். பார்க்க அழகு, என்கோடருக்கு எமன். அணைந்து எரிவது நகர்வு கிடையாது. எவ்வளவு தேடினாலும் முந்தின பிரேமில் அதே வெளிச்சம் அதே இடத்தில் இருக்காது. தேடிக் களைத்து, புதிதாகவே எழுதும். அதுவும் ஒவ்வொரு முறையும். கேமராவைக் கொஞ்சம் திருப்பி, பல்பு வரிசை படத்துக்குள் வராமல் வையுங்கள். தீப்பந்தமும் சாம்பிராணிப் புகையும் இதே வகைதான், ஆனால் சாமக்கொடையில் பந்தம் இல்லாமல் என்ன இருக்கிறது? அந்தப் பத்து நிமிடம் படம் கொஞ்சம் உடையட்டும். மற்ற நேரத்தில் கேமரா ஸ்டாண்டை விட்டு இறங்கக் கூடாது. கையில் பிடித்தால் பந்தல் முழுவதும் நகரும்.

இனி உங்கள் 'அல்ட்ராஃபாஸ்ட்' விஷயம். முகம் கட்டம் கட்டமாக உடைந்ததற்குக் காரணம் அந்த பிரீசெட் தேடலைக் குறைத்தது மட்டும் அல்ல. பிளாக் ஓரங்களை மழுக்கும் டீபிளாக்கிங் ஃபில்டரை அது அணைத்துவிடுகிறது. கேபாக் என்ற சிக்கனமான குறியாக்கத்தையும் அணைத்துவிடுகிறது. பிட் தாராளமாக இருக்கிற இடத்தில் இது நியாயமான பேரம். உங்களுக்கு இது தலைகீழ். கேபாக்கின் வேலை பிட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. விநாடிக்கு 384 கிலோபிட் மட்டும் எழுதுகிறவருக்கு அது ஒரு சுமையே இல்லை, ஆனால் பிட்டில் பத்து சதவீத அளவுக்கு மிச்சம் பிடித்துத் தரும். டீபிளாக்கிங்கும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்தில் ஒரே நகர்வோடு, மிச்சம் பூஜ்யமாக இருக்கும் பிளாக்குகளின் நடுவே அது ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போகும். அதாவது குறைந்த பிட் ரேட்டில் மிகவும் வேண்டியதும் மிகவும் மலிவானதும் எவையோ, அவை இரண்டையும் அணைத்துவிட்டு ஓட்டியிருக்கிறீர்கள்.

360பி, 15 பிரேமில் 'வெரிஃபாஸ்ட்' வையுங்கள். அறுகோணத் தேடல், கேபாக், டீபிளாக்கிங் எல்லாம் அதில் உண்டு. ஒப்பிடும் பழைய பிரேம் ஒன்றே ஒன்று. சிபியு 50, 60இல் நின்றால் 'ஃபாஸ்டர்', பிறகு 'ஃபாஸ்ட்' என்று ஒவ்வொரு படியாக ஏறிப் பாருங்கள். அதற்கு மேல் ஏற வேண்டாம், ஏறக் கிடைப்பது மிகக் கொஞ்சம். நேரலை என்றாலே 'ஜீரோ லேட்டன்சி' போட வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது வரப்போகும் பிரேம்களை எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடும். எந்தப் பிளாக் அடுத்த பல பிரேமுக்கு அப்படியே பயன்படப் போகிறது என்று பார்த்து, அதற்குக் கூடுதல் பிட் கொடுப்பது அந்த எட்டிப் பார்ப்பதால்தான். மும்பைக்காரர் மூன்று விநாடி கழித்துப் பார்த்தால் ஒன்றும் குறையாது. முழுப் படத்தைப் புதிதாக எழுதும் கீ பிரேம் இடைவெளியை 4 விநாடி வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம் என்று யூடியூப் சொல்கிறது. ஓபிஎஸ்ஸில் பிரிவியூவையும் அணைத்துவிடுங்கள்.

லேப்டாப்பில் இன்டெல் சிப் என்றால் 2011க்குப் பிறகு வந்த பெரும்பாலானவற்றில் என்கோடர் வன்பொருளாகவே இருக்கும், குவிக் சிங்க் என்று பட்டியலில் தெரியும். சிபியு சுமை சட்டென்று இறங்கிவிடும். ஆனால் பழைய தலைமுறைகளில், இவ்வளவு குறைந்த பிட்டில், எக்ஸ்264இன் வெரிஃபாஸ்ட் அளவுக்குத் தெளிவு வராது என்பது என் அனுபவம். முயன்று பாருங்கள், கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எச்.265க்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2013இல் வந்த அந்தத் தரம் பாதி பிட்டில் அதே தெளிவு என்ற குறிக்கோளோடு உருவானது, உண்மைதான். அதற்கு விலை கணக்குதான். பிளாக்கை 64×64 முதல் சின்னச் சின்னதாக எப்படி எப்படி வெட்டலாம் என்று அத்தனை வழியையும் எடைபோட வேண்டும். உங்கள் இரண்டு கோருக்கு அது வேண்டாம்.

இதையெல்லாம் கொடை அன்று முதன்முதலாகச் சோதிக்காதீர்கள். பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் 'வேகத் தேடல்' என்று புராஜெக்ட் செய்துகொண்டு வருவார்கள். எல்லாரும் 'அகியோ' என்ற சோதனைப் படத்தில்தான் காட்டுவார்கள். ஜப்பானியச் செய்தி வாசிப்பாளர், உதடும் தலையும் மட்டும் லேசாக அசையும். அதில் எந்த முறையும் ஜெயிக்கும். நம் பந்தலில் உடுக்கை அடிக்கிறவர் கையும் வீசுகோலும் வில்லின் மணிகளும் ஒரே நேரத்தில் ஆடும், பின்னால் குழந்தைகள் ஓடும். ஆகவே சாமியைக் கொடைக்கு அழைக்கும் குடியழைப்பு அன்று இரவு, அதே இடத்தில், அதே விளக்கில், பத்து நிமிடம் அதிக பிட் ரேட்டில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பதிவையே இரண்டு மூன்று பிரீசெட்டில் 384 கிலோபிட்டுக்குச் சுருக்கி, கைபேசியில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டுக்காரர் முகம், உடுக்கை அடிக்கிறவர் கை, இரண்டும் எதில் தெளிவு என்று அவர்கள் சொல்வார்கள்.

ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவர ஜன்னலில் இரண்டு எண் தனித்தனியாக இருக்கும். என்கோடர் தாமதத்தால் தவறிய பிரேம் ஒன்று, நெட்வொர்க்கால் விழுந்த பிரேம் மற்றொன்று. முதலாவது ஏறினால் லேப்டாப் திணறுகிறது, பிரீசெட்டை ஒரு படி இறக்குங்கள். இரண்டாவது ஏறினால் டவர், பிட் ரேட்டை 300க்குக் கொண்டுவாருங்கள். சோதனை இரவில் இரண்டையும் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.